ஷட்டர் சிக்கினால் எண்ணெய் விடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய ஃபிலிம் கேமராக்களைத் தூசி தட்டி மறுபடியும் பயன்படுத்துவது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை நன்றாகவே இருந்தது. ஆனால், "ஷட்டர் சிக்கிக்கொண்டால் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் போதும்" என்ற வரி மட்டும் அதில் வந்திருக்கக் கூடாது. அதை நம்பி யாராவது எண்ணெய் விட்டால், மேலோட்டமாகச் சுத்தம் செய்தாலே சரியாகக்கூடிய கேமராவை ஆணிவேர் வரை பிரித்து மேய வேண்டியிருக்கும்.

ஃபிலிம் மேல் ஒளி விழ நொடிப்பொழுது திறந்து மூடும் ஷட்டர் பெரும்பாலும் சிக்குவதே பழைய எண்ணெயால்தான். தொழிற்சாலையில் வைத்த கிரீஸ் 40, 50 ஆண்டுகளில் எண்ணெய் தனியே பிரிந்து வழிந்துவிடும்; மிஞ்சுவது மெழுகு போன்ற பிசுக்கு. புதிய எண்ணெய் பட்டால் அது கொஞ்சம் இளகும், ஷட்டரும் சில நாள் ஓடும். பிறகு தூசியும் சேர்ந்து முன்பைவிட இறுகிவிடும். லென்ஸுக்குள்ளேயே ஷட்டர் உள்ள யாஷிகா மேட் போன்ற கேமராக்களில் கேடு இன்னும் அதிகம். அவற்றின் ஷட்டர் தகடுகள் எண்ணெய்ப் பசையே இல்லாமல் ஓட வேண்டியவை. மயிரிழைக் கனமுள்ள அவை ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகின்றன. நடுவே துளி எண்ணெய் பரவினாலும் நனைந்த இரு கண்ணாடித் துண்டுகளைப் போல ஒட்டிக்கொள்ளும். அவற்றைப் பிரிக்க அந்தச் சின்ன ஸ்பிரிங்குக்கு வலு கிடையாது.

அதனால் முதலில் கோளாறு எங்கே என்று பார்க்க வேண்டும். பேட்டரியிலிருந்து தொடங்குங்கள். 1976-ல் வந்த கேனன் ஏஇ-1-க்கு 6 வோல்ட் பேட்டரி இல்லாவிட்டால் ஷட்டர் இயங்காது. கெட்டுப்போனதாகத் தோன்றும் எத்தனையோ கேமராக்களுக்கு இதுதான் வியாதி. பென்டாக்ஸ் கே1000, நிக்கான் எஃப்எம்2 ஆகியவற்றில் பேட்டரி ஒளிமானிக்கு மட்டுமே, ஷட்டர் அது இல்லாமலே ஓடும். அடுத்து, ஃபிலிமை நகர்த்தும் லீவர் பாதியில் நின்றால் பலம் போடாதீர்கள். ஃபிலிம் முடிந்திருக்கலாம். அடியில் உள்ள ரீவைண்ட் பட்டனை அழுத்தி, ஃபிலிமைச் சுற்றி எடுத்துவிட்டு மறுபடி பாருங்கள். பலம் போட்டால் ஃபிலிமின் ஓட்டைகள் கிழியும், அந்தத் துணுக்குகள் பல்சக்கரத்தில் போய் மாட்டும். ஜோர்கி-4 போன்ற ரஷ்யக் கேமராக்களில் லீவரையோ குமிழையோ சுற்றி ஷட்டரை ஏற்றிய பிறகே வேகத்தை மாற்ற வேண்டும். மாற்றிச் செய்தால் உள்ளே உடையலாம்.

லென்ஸில் வரும் காட்சியை உள்ளிருக்கும் கண்ணாடியால் கண்ணுக்குக் காட்டும் எஸ்எல்ஆர் கேமராவில், படமெடுக்க மேலே போன கண்ணாடி அங்கேயே நின்றுவிட்டால் பின்கதவைத் திறந்து ஷட்டர் திரையைப் பாருங்கள். முதல் திரை ஓடித் திறக்க, இரண்டாம் திரை பின்னால் ஓடி மூடும். பல மெக்கானிக்கல் கேமராக்களில் இரண்டாம் திரை ஓடி முடிந்தால்தான் கண்ணாடி கீழிறங்க உத்தரவு கிடைக்கும். திரை பாதி வழியில் நின்றிருந்தால் கோளாறு ஷட்டரில். முழுதாக மூடியிருந்தால், கண்ணாடி மோதி நிற்கும் இடத்தில் ஒட்டியுள்ள ஸ்பாஞ்ச் பட்டை தார்போல உருகிக் கண்ணாடியைப் பிடித்து வைத்திருக்கலாம். விளிம்பை நகத்தால் லேசாகத் தொட்டதும் 'பிசக்' என்று பிரிந்து விழுந்தால் அதேதான். கண்ணாடியையும் அதற்கு மேலே காட்சி விழும் ஃபோகஸிங் ஸ்கிரீனையும் காகிதத்தால் மறைத்துவிட்டு, பல்குச்சியால் பழைய ஸ்பாஞ்சைச் சுரண்டி எடுங்கள். மிச்சத்தை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். பிளாஸ்டிக் ஸ்கிரீன் மேல் ஆல்கஹால் படக் கூடாது. கண்ணாடிக்கு எதிரொளிக்கும் பூச்சு முன்பக்கம் இருப்பதால் அதையும் தேய்க்கக் கூடாது. புதிய ஸ்பாஞ்ச் கண்ணாடிக்கு 2 முதல் 3 மி.மீ., பின்கதவு பொருந்தும் பள்ளத்துக்கு 1 முதல் 1.5 மி.மீ. கனம் போதும். பசைப் பக்கத்தை நாக்கால் நனைத்துவிட்டு வைத்தால், உடனே ஒட்டாமல் நகர்த்திச் சரிசெய்ய நேரம் கிடைக்கும்.

இனி ஷட்டர். வேகத்தை 1 நொடியில் வைத்து அழுத்துங்கள். 'கிர்ர்ர்' என்ற ஒரே சீரான சத்தம் கேட்க வேண்டும். இழுத்து இழுத்து நின்றால், மெதுவான வேகங்களுக்கு நேரம் அளக்கும் பல்சக்கரத் தொடரில் பிசுக்கு. செல்போனில் நொடிக்கு 240 பிரேம் வேகத்தில் படம்பிடித்து, ஷட்டர் திறந்திருக்கும் பிரேம்களை எண்ணினால் 1/8 நொடிக்கு 30 பிரேம், 1/30-க்கு 8 பிரேம் வர வேண்டும். 1/125-க்கு மேல் இந்தக் கணக்கை நம்பாதீர்கள்.

வேகமான பக்கத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். லென்ஸைக் கழற்றி, பின்கதவைத் திறந்து, வெளிச்சமான வெள்ளைச் சுவரைப் பார்த்தபடி 1/1000-ல் அழுத்துங்கள். படம் விழும் சட்டம் முழுக்கப் பளிச்சென்று தெரியாமல் ஒரு ஓரம் இருட்டாக இருந்தால், இரண்டாம் திரை முதல் திரையை எட்டிப் பிடித்துவிடுகிறது என்று பொருள். குறுக்காக ஓடும் துணித் திரைக்கு, ஃபிளாஷோடு பயன்படுத்தக்கூடிய உச்ச வேகம் 1/60 நொடி என்றால், 36 மி.மீ. அகலத்தை அது அந்த நேரத்துக்குள் கடந்தாக வேண்டும். அப்படிப் பார்த்தால் 1/1000-ல் இரு திரைகளுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி 2 முதல் 3 மி.மீ.தான். முதல் திரையின் தண்டில் பிசுக்குப் பிடித்து அது 1 மில்லிநொடி பின்தங்கினாலே இடைவெளி அடைபட்டுவிடும். இதற்குத் திரையை இழுக்கும் ஸ்பிரிங்கை முறுக்குவதுதான் வைத்தியம் என்று பலர் கீழ்த்தகட்டைத் திறக்கிறார்கள். அழுக்கோடு முறுக்கினால் தேய்மானம்தான் கூடும். பல கேமராக்களில் ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்திருக்கும் பூட்டு ஸ்க்ரூவைக் கொஞ்சம் அதிகம் தளர்த்தினால் ஸ்பிரிங் விர்ரென்று மொத்தமாக அவிழ்ந்துவிடும். தண்டுமுனைகளைச் சுத்தம் செய்து, ஊசிமுனையில் கடிகார எண்ணெய் தொட்டு வைத்து, மறுபடி சோதித்த பிறகும் குறை இருந்தால் மட்டுமே முறுக்கில் கை வைக்கலாம், அதுவும் கால் சுற்றுக்கும் குறைவாக.

எண்ணெயே கூடாது என்பதல்ல என் வாதம். சுத்தம் செய்த பிறகு, தண்டு சுழலும் தாங்குமுனையில், ஊசிமுனை அளவு என்றால் அது மருந்து. ஏஇ-1-ல் இருமல் போல வரும் கீச்சுச் சத்தம்கூட ஷட்டரில் எழுவதல்ல, கண்ணாடியை இயக்கும் சக்கரங்கள் வறண்டுபோவதால் வருவது. அங்கே எண்ணெய் வேண்டும், சரியான இடத்தில் ஒரே துளி.

லென்ஸ் ஷட்டரின் தகடு ஒட்டியிருந்தால் முன்பின் லென்ஸ்களைக் கழற்றிவிட்டு, லைட்டரில் ஊற்றும் நாப்தா தொட்ட பஞ்சுக் குச்சியால் தகடுகளைத் துடையுங்கள். இருபது முப்பது முறை இயக்குங்கள். நாப்தா ஆவியானதும் தகட்டின் ஓரத்தில் எண்ணெய்க் கோடு மறுபடி தெரியும். அது வராமல் போகும்வரை திரும்பத் திரும்பத் துடைக்க வேண்டும். லென்ஸ்களைக் கழற்றாமல் ஊற்றினால் கரைந்த பிசுக்கு லென்ஸில் போய்ப் படியும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் தீ வேண்டாம்.

ஜப்பானியக் கேமரா ஸ்க்ரூக்களுக்குச் சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் சரியாகப் பொருந்தாது, தலை வழுக்கிக் கெட்டுவிடும், ஜே.ஐ.எஸ். (ஜப்பானியத் தொழில்தரம்) முனை வேண்டும். உள்ளேயே ஃபிளாஷ் உள்ள கேமராவை வீட்டில் திறக்கவே வேண்டாம். பேட்டரியை எடுத்த பிறகும் அதன் கெப்பாசிட்டரில் முந்நூறு வோல்ட் வரை தங்கியிருக்கும்.

இவ்வளவையும் அச்சிட இடமில்லை என்றால், "ஷட்டர் தகடுகளில் எண்ணெய் விடக் கூடாது" என்ற ஒரே வரியையாவது, முன்பு கட்டுரை வந்த அதே பக்கத்தில் திருத்தமாக வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கேமரா பழுதுபார்க்கும் வாசகர் ஒருவர்