முதலில் ஆறுகளைப் போடு

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். நீ அனுப்பிய இராமாயண, பாரத வரைபடமும் கேள்விகளும் பத்திரமாக வந்து சேர்ந்தன. உறையில் இருந்த முகவரி புதிதாக இருந்தது. பதிலை அதற்கே அனுப்புகிறேன். ஒன்றும் கேட்க வேண்டாம் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். கேட்கவில்லை.

படத்துக்கு வருகிறேன். கோடுகள் சுத்தம். பிரயாகைக்குக் கீழே கங்கை வளைந்து போகிற இடத்தை அச்சில் வரும் படங்களைவிட நன்றாகப் போட்டிருக்கிறாய். யாரும் சொல்லிக்கொடுத்து வந்த கை இல்லை அது. ஆனால் வேலை செய்த வரிசை தலைகீழ். நாடுகளின் எல்லையை முதலில் அடைத்துவிட்டு, மிஞ்சிய இடத்துக்கெல்லாம் பச்சை அடித்துக் காடு என்று எழுதி, கடைசியில் ஆறுகளை இழுத்திருக்கிறாய். அதனால்தான் சித்திரகூடம் யமுனைக்கு வடக்கே போய் உட்கார்ந்திருக்கிறது. முதலில் ஆறு, கயல். கம்பனே ஆற்றுப்படலம் பாடி முடித்துத்தான் நாட்டுப்படலத்துக்கு வருகிறான். நகரப்படலம் அதற்கும் பிறகு.

ஆறுகள் சரியாக விழுந்துவிட்டால் மீதியை அவையே திருத்தும். இராமன் போன வழியை எடுத்துக்கொள். அயோத்தியை விட்டதும் முதல் இரவு தமசைக் கரை. பிறகு வேதசுருதி, கோமதி, சியந்திகை. சிருங்கிபேரத்தில் கங்கையைக் கடக்கிறார்கள். பிரயாகையில் பரத்வாஜர் ஆசிரமம். அங்கிருந்து கிளம்பி, கட்டை கட்டி யமுனையைக் கடந்த பின்தான் சித்திரகூடம். இந்த வரிசையில் பென்சிலை ஓட்டிப் பார். ஒரு ஆற்றை இரண்டு முறை கடக்க நேர்ந்தாலோ, ஒன்றைக் கடக்காமலே போக முடிந்தாலோ, ஊரைத் தப்பான கரையில் வைத்திருக்கிறாய் என்று பொருள்.

அடியில் யோசனை என்ற பழைய தூரக் கணக்கில் ஓர் அளவுகோல் போட்டிருக்கிறாயே, அதை அழித்துவிடு. சித்திரகூடம் பத்துக் குரோசம் என்று பரத்வாஜர் இராமனிடம் சொல்கிறார். பின்னால் பரதன் வந்து கேட்கும்போது இரண்டரை யோசனை என்கிறார். நான்கு குரோசம் ஒரு யோசனை என்பதால் இரண்டும் ஒன்றுதான், வால்மீகி கணக்குத் தவறவில்லை. ஆனால் யோசனைக்குப் பதின்மூன்று கிலோமீட்டர் என்று தாராளமாக வைத்தாலும் முப்பத்திரண்டு, முப்பத்துமூன்றுக்கு மேல் வராது. இன்றைய பிரயாக்ராஜிலிருந்து சித்திரகூடம் நேர்க்கோட்டிலேயே சுமார் 100 கிலோமீட்டர். மூன்று பங்கு வித்தியாசம். ஓரிடத்தில் யோசனையைச் சரிக்கட்டினால் இன்னோரிடத்தில் பிய்த்துக்கொள்ளும். அதற்குப் பதிலாகப் பயண நாட்களை எழுது: பாண்டவர்கள் அஸ்தினாபுரத்திலிருந்து காம்யகத்துக்கு மூன்று இரவு பகல், பரதன் கேகயத்திலிருந்து அயோத்திக்கு வழியில் ஏழு இரவு. வழியில் இத்தனை நாள் என்று தெரிந்தால் வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு கணக்கு இருக்கும்.

பரதன் பேச்சு வந்ததால் இன்னொன்று. அவனை மகதத்திலிருந்து அழைத்து வந்திருக்கிறாய். கிரிவிரஜம் என்ற பெயரைப் பார்த்ததும் ராஜகிருகம் என்று போட்டிருப்பாய். ஜராசந்தனுடைய கிரிவிரஜம் மகதத்தில், ஐந்து மலைகளுக்கு நடுவில், இன்றைய ராஜ்கீர். பரதனுடைய மாமன் வீட்டுக் கிரிவிரஜம் கேகயத்தில், மேற்கே. வசிஷ்டர் அனுப்பிய தூதர்கள் விபாசையை, அதாவது பியாஸ் ஆற்றை, தாண்டிப் போகிறார்கள். கேகயத்துக் கிரிவிரஜத்துக்கும் ராஜகிருகம் என்ற பெயர் உண்டு என்பதால் எல்லோரும் வழுக்குகிற இடம்தான். ஆற்றை முதலில் போட்டிருந்தால் வழுக்கியிருக்காது. கோசலமும் அப்படியே. அயோத்தி இருக்கும் கோசலம் ஒன்று, இன்றைய சத்தீஸ்கர் பக்கத்துத் தென்கோசலம் இன்னொன்று. இரண்டு பாஞ்சாலங்களைச் சரியாகப் பிரித்திருக்கிறாய், வடக்கே அஹிச்சத்திரம், தெற்கே காம்பில்யம், நடுவில் கங்கை. நல்லது.

காடு விஷயத்தில்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. காட்டையும் நாட்டையும் இரண்டு நிறமாகப் பிரித்து நிரந்தரமாக வைத்திருக்கிறாய். இதிகாசத்தில் அவை இடம் மாறிக்கொண்டே இருக்கும். தண்டகம் முதலில் ஒரு ராஜ்யம். இக்ஷ்வாகுவின் மகன் தண்டன் விந்தியத்துக்கும் சைவலத்துக்கும் நடுவே ஆண்டது, தலைநகர் மதுமந்தம். சுக்கிரரின் மகள் அரஜையிடம் அவன் செய்த அக்கிரமத்துக்காக ஏழு இரவு புழுதி மழை பெய்து நூறு யோசனை நிலம் அழிந்து காடானது என்று உத்தரகாண்டம் சொல்கிறது. தாடகை வனமும் முன்பு மலதம், கரூசம் என்று செழிப்பாக இருந்த இரண்டு நாடுகள். மறுபக்கம், மதுவனம் இருந்த இடத்தில் சத்ருக்கனன் மதுரா நகரை எழுப்புகிறான். காண்டவத்தில் ஒரு சிக்கல் உண்டு. வனத்தை எரித்துவிட்டு அந்தச் சாம்பலில் இந்திரப்பிரஸ்தம் கட்டினார்கள் என்று பலர் எழுதுகிறார்கள். மகாபாரதத்தில் காண்டவப்பிரஸ்தத்தில் நகரம் முதலில் எழுகிறது, வனம் எரிவது பிறகு. எரிந்ததற்கு அப்புறம் மயன் கட்டியது சபா மண்டபத்தை.

ஆகவே ஒரே தாளில் எல்லாவற்றையும் அடைக்காதே. அடித்தாளில் ஆறும் மலையும் மட்டும். அதன் மேல் டிரேசிங் பேப்பரில் இராமாயணத்துக்கு ஒரு படம், பாரதத்துக்கு ஒரு படம். காட்டின் ஓரத்துக்குப் புள்ளிக்கோடு போதும், முழுக்கோடு இழுத்தால் பொய். எல்லாக் காட்டுக்கும் ஒரே பச்சையும் வேண்டாம். காம்யகம் சரஸ்வதிக் கரையில், பாலை நிலத்தை ஒட்டியது. துவைத வனத்தில் ஏரி உண்டு, பக்கத்தில் துரியோதனன் வந்து மாடுகளைக் கணக்கெடுக்கிற அளவுக்கு ஆயர்பாடிகள் உண்டு. நைமிசம் கோமதிக் கரை, சௌனகர் பன்னிரண்டு வருஷ வேள்வி நடத்திய இடம். அதைக் கங்கைக்குத் தெற்கே வைத்திருக்கிறாய், மேலே தூக்கு. புலி படம் எதற்கும் வேண்டாம்.

பாண்டவர்களின் அஞ்ஞாதவாசத்துக்கு நீ போட்ட பாதை சரி. யமுனையின் தென்கரையோடு போய், தசார்ணத்துக்கு வடக்காகவும் பாஞ்சாலத்துக்குத் தெற்காகவும் சூரசேனம் வழியே மத்ஸ்யம். விராட நகரம் இன்றைய பைராட். ஓரத்தில் குறிப்பு எழுத இடமிருந்தால் அந்த ஐந்து ரகசியப் பெயர்களையும் சேர்: ஜயன், ஜயந்தன், விஜயன், ஜயத்சேனன், ஜயத்பலன். ஊருக்குச் சொன்ன கங்கன், பிருகன்னளை எல்லாம் வேறு. இவை தங்களுக்குள் கூப்பிட்டுக்கொள்ள வைத்துக்கொண்டவை. யாருக்கும் தெரியக் கூடாத வருஷத்திலும் தங்களுக்குள் அழைக்க ஒரு பெயர் வைத்துக்கொண்டார்கள்.

மூன்று பக்கம் தண்டகத்தைப் பற்றியே கேட்டிருக்கிறாய். கேள் தாராளமாக. உன்னைப் பற்றி ஒரு வரி எழுத நான்காவது பக்கம் காலியாகத்தான் இருந்தது.

உன் படத்தில் விதர்ப்பம் இருக்கிறது, குண்டினம் இருக்கிறது, அங்கே போகிற வழி இல்லை. இடம் போதவில்லையா? பாரதத்திலேயே மிகத் தெளிவான வழிக்குறிப்பு அதுதான். காம்யகத்தில் பிருகதசுவர் யுதிஷ்டிரருக்குச் சொல்லும் நளன் கதையில் வருகிறது. எல்லாம் இழந்து காட்டில் நிற்கும்போது நளன் தமயந்திக்குக் கைகாட்டுகிறான்: இந்தப் பாதைகள் அவந்தியையும் ருக்ஷவந்த மலையையும் தாண்டித் தட்சிணாபதம் போகின்றன; இது விந்தியம்; இது கடலுக்குப் போகும் பயோஷ்ணி; இது விதர்ப்பத்துக்குப் போகும் வழி; இது கோசலத்துக்கு; அதற்கப்பால் தெற்கே தென்னாடு. ஒரே மூச்சில் இரண்டு மலை, ஒரு ஆறு, நான்கு திசைவழி. பயோஷ்ணியைத் தபதி என்றும் அதன் கிளையான பூர்ணா என்றும் சொல்வார்கள். குண்டினம் அமராவதி மாவட்டத்தில் வர்தா ஆற்றங்கரையில் உள்ள கௌண்டின்யபூர். அவந்தி உஜ்ஜயினி. இந்த மூன்றையும் வைத்தாலே நளன் எங்கே நின்று கைகாட்டினான் என்று ஏறக்குறையப் பிடித்துவிடலாம். அவன் சொன்ன கோசலம் எது என்பதில் எனக்குத் தென்கோசலத்தின் பக்கம்தான் சாய்வு. விதர்ப்பத்துக்குப் பக்கத்து வழியாக அதுதான் பொருந்துகிறது.

அவளுக்கு உடனே புரிந்துவிடுகிறது. என்னை விடும் எண்ணம் இல்லையென்றால் எதற்கு விதர்ப்பத்து வழியைக் காட்டுகிறாய், போவதானால் இருவரும் போவோம், என் அப்பா உன்னை மரியாதையாக வைத்துக்கொள்வார் என்கிறாள். அவன் வரவில்லை. இரவில் விட்டுப் போய்விடுகிறான். குழந்தைகளை மட்டும் முன்பே தேரோட்டி வார்ஷ்ணேயனோடு தேரில் குண்டினத்துக்கு அனுப்பிவைத்திருந்தாள். அந்த முன்யோசனை அவளுக்கு இருந்தது.

இனி அவள் போன வழியைக் கவனி. விதர்ப்பத்து வழி தெரிந்தும் அவள் அதில் போகவில்லை. அவனைத் தேடி அலைந்து, ஒரு வணிகக் கூட்டத்தோடு சேர்கிறாள். ஏரிக்கரையில் தங்கிய இரவில் காட்டு யானைகள் கூட்டத்தை மிதிக்கின்றன. பிழைத்தவர்கள் பழியை அவள் மேல் போடுகிறார்கள். கடைசியில் சேதி நாட்டுத் தலைநகரில், பாதிச் சேலையோடு, தெருப்பிள்ளைகள் பின்னால் ஓடிவர, ராஜமாதாவின் கண்ணில் படுகிறாள். எச்சில் உண்ணமாட்டேன், யார் காலையும் கழுவமாட்டேன், அந்நிய ஆடவரோடு பேசமாட்டேன் என்று நிபந்தனை சொல்லி வேலைக்கு அமர்கிறாள். யார் மகள் என்று சொல்லவில்லை. அந்த ராஜமாதா அவளுடைய சொந்தப் பெரியம்மாவோ சித்தியோ. இருவரும் தசார்ண அரசன் சுதாமனின் பெண்கள், ஒருத்தி விதர்ப்பத்துக்கும் ஒருத்தி சேதிக்கும் வாழ்க்கைப்பட்டவர்கள். ஒரே கூரையின் கீழ் இருந்தும் தெரியவில்லை. தசார்ணம், சேதி, விதர்ப்பம் மூன்றையும் எட்டும் தூரத்தில் வைக்க இந்த உறவே உனக்குச் சான்று. தசார்ணம் விதிசைப் பக்கம், சேதி அதற்கு வடகிழக்கே பந்தேல்கண்டில்.

அவளுடைய அப்பா, விதர்ப்ப அரசர் பீமன், என்ன செய்தார் என்பதை வரைபடத்தில் காட்ட முடியாது. ஆனாலும் தெரிந்துகொள். அந்தணர்களை நாலா திசையும் அனுப்பி, இருவரையும் அழைத்து வருபவருக்கு ஆயிரம் பசுவும் நகரம் போன்ற ஒரு கிராமமும் என்கிறார். அழைத்து வர முடியாவிட்டால், இருக்குமிடம் தெரிந்து சொன்னாலே போதும், அதற்கும் ஆயிரம் பசு. வந்துதான் ஆக வேண்டும் என்று அவர் கேட்கவில்லை, கயல். எங்கே, எப்படி என்று தெரிந்தால் போதும். சுதேவன் என்பவன் புருவ நடுவில் இருந்த மச்சத்தை வைத்து அவளைக் கண்டுபிடிக்கிறான். அவள் அழுதாள் என்று இருக்கிறது. ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று யாரும் அவளைக் கேட்டதாக இல்லை. ராஜமாதா படையும் பல்லக்கும் கொடுத்துப் பிறந்த வீட்டுக்கு அனுப்புகிறாள். நளனை வரவழைக்கும் உபாயத்தைத் தமயந்தி அங்கே உட்கார்ந்துதான் செய்கிறாள். ஒரே நாளில் நூறு யோசனை தேரோட்ட அவன் ஒருவனால்தான் முடியும் என்று அவளுக்குத் தெரியும்.

வரைபடத்துக்கு இவ்வளவு தேவையில்லை. பென்சிலால் அடித்துவிட்டு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்.

மறுபடி சொல்கிறேன், முதலில் ஆறு. சரயு, தமசை, கோமதி, கங்கை, யமுனை, சரஸ்வதி, விபாசை, நர்மதை, பயோஷ்ணி, கோதாவரி. பிறகு மலை. பிறகு வழிகள். நாடுகளின் பெயரை எல்லைக்கோடு இல்லாமல் தலைநகரைச் சுற்றிப் பரப்பி எழுது. பஞ்சவடிக்கு அகத்தியர் ஆசிரமத்திலிருந்து இரண்டு யோசனை என்று இருப்பதை நம்பி இடம் குறிக்காதே. நாசிக் என்று ஒரு வழக்கு, பத்ராசலம் பக்கம் பர்ணசாலை என்று ஒரு வழக்கு. இரண்டும் கோதாவரிதான், இரண்டுக்கும் கேள்விக்குறி போடு. கிஷ்கிந்தைக்கு ஹம்பி, ஆனெகுந்தி என்று எழுதலாம்.

புதுப் பிரதி முழுசாக முடியும்வரை வைத்திருக்காதே. ஆறு மட்டும் போட்டிருந்தாலும் மடித்து அனுப்பு, பார்த்துத் திருப்புகிறேன். போனில் சொல்வது சுலபம் என்றால் ராத்திரி ஒன்பதுக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு. அம்மா தூங்கினாலும் நான் எடுப்பேன்.

அப்பா