சுவருக்கு அப்பால் கேட்ட இடி: திரையரங்குக் காட்சி அட்டவணை வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரியீர்,

வணக்கம். சிங்கப்பூர்த் திரையரங்குகளில் எந்தப் படம் எந்த அரங்கில் எத்தனை மணிக்கு ஓட வேண்டும் என்று வாரந்தோறும் முடிவு செய்யும் உங்களுக்கும், தமிழ்ப்படங்களை வாங்கி இங்கே வெளியிடும் விநியோகஸ்தர்களுக்கும் இந்த மடலை எழுதுகிறேன். நான் திரைத்துறையைச் சேர்ந்தவன் அல்லன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நுழைவுச்சீட்டு வாங்கிப் படம் பார்த்து வருபவன். அந்த ஓர் உரிமையில்தான் எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, தீவின் மறுமூலையிலுள்ள ஒரு கடைத்தொகுதித் திரையரங்குக்கு ஒரு சிறிய தமிழ்ப்படம் பார்க்கப் போனேன். அன்றைக்கு அந்தப் படத்துக்கு இருந்தது பிற்பகல் இரண்டு மணிக் காட்சி ஒன்றுதான். அரங்கில் என்னோடு சேர்த்து ஐந்து பேர். படத்தின் பிற்பகுதியில், அடகுக் கடையிலிருந்து வெறுங்கழுத்தோடு திரும்பி வரும் ஒரு பெண் எவரிடமும் எதுவும் சொல்லாமல் அடுப்பு மூட்டுகிறாள். இசை இல்லை, வசனம் இல்லை, தீக்குச்சி உரசும் ஓசை மட்டும்தான். முதல் குச்சி அணைந்து அவள் இரண்டாவதை உரசும்போது, சுவருக்கு அப்பாலிருந்து ஒரு நகரமே சரிந்து விழுவது போன்ற இடியோசை எழுந்தது. என் இருக்கையின் கைப்பிடி அதிர்ந்தது. முன்வரிசையில் இருந்த மூதாட்டி ஒருவர் திரும்பி, "வெளியே மழையா தம்பி?" என்று கேட்டார். மழை இல்லை, பக்கத்து அரங்கில் சூப்பர் ஹீரோ ஒருவர் உலகத்தைக் காப்பாற்றிக் கொண்டிருக்கிறார் என்று நான் சொல்லவில்லை. அந்தக் காட்சி போனது போனதுதான்.

சூப்பர் ஹீரோ படங்கள் தீவிரமான திரைப்படக் கலையைக் கெடுத்துவிட்டனவா என்று கேட்பவர்கள் வழக்கமாக அமெரிக்க இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்செசியிடம் போய் நிற்பார்கள். சூப்பர் ஹீரோ படங்களை வரிசையாக எடுக்கும் மார்வெல் நிறுவனத்தின் படங்கள் சினிமா அல்ல, கேளிக்கைப் பூங்காக்களுக்கு நெருக்கமானவை என்று 2019-இல் அவர் சொன்னது உலகெங்கும் சண்டையைக் கிளப்பியது. அதை விளக்கி அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க் டைம்ஸில் அவர் எழுதிய கட்டுரையை அந்தச் சண்டையில் இறங்கியவர்களில் எத்தனை பேர் படித்தார்கள் என்பது ஐயமே. அதில் அவருடைய மனக்குறை முகமூடிகளையும் மேலங்கிகளையும் பற்றியதாக மட்டும் இல்லை. பெரிய திரையில் ஏதேனும் பார்க்க வேண்டுமென்றால் பல ஊர்களில் இந்தத் தொடர்வரிசைப் படங்களே முதன்மையான தேர்வாகிவிட்டன என்பதும், ஒரே வகைச் சரக்கையே தொடர்ந்து கொடுத்தால் மக்கள் அதையே மேலும் கேட்பார்கள் என்பதும் அவர் முன்வைத்த வாதங்கள். அந்த ஆண்டு அவரே எடுத்த மூன்றரை மணி நேரப் படம் நெட்ஃபிளிக்ஸின் பணத்தில் உருவாகி, சில வாரங்கள் மட்டும் திரையரங்குகளில் ஓடிவிட்டு வீட்டுத் திரைக்குப் போனது. அதாவது, சிக்கல் திரையைப் பற்றியது. திரையைப் பங்கிட்டுக் கொடுப்பவர்களைப் பற்றியது. அதனால்தான் இந்த மடலை இயக்குநர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

அந்தப் படங்களின் மேல் முழுப் பழியையும் போட எனக்கு மனமில்லை. பறக்கும் வீரர்கள் தமிழருக்குப் புதியவர்களா என்ன? மலையைத் தூக்கிக்கொண்டு வந்த அனுமனின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். 1957-இல் வந்த 'மாயா பஜார்' படத்தில் எஸ். வி. ரங்காராவின் கடோத்கஜன் கல்யாண விருந்தைத் தனியாளாக உண்டு தீர்த்தபோது, தந்திரக் காட்சிகளும் இருந்தன, நடிப்பும் இருந்தது, ஒரு குடும்பத்தின் மனத்தாங்கலும் இருந்தது. ஹாலிவுட்டிலும் சித்திரக்கதையிலிருந்து வந்த படம் என்பதற்காக எதுவும் தாழ்ந்துவிடவில்லை. 'பிளாக் பேந்தர்' சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில் இடம்பெற்றது. 'ஜோக்கர்' 2019-இல் வெனிஸ் திரைப்பட விழாவின் முதன்மை விருதான தங்கச் சிங்கத்தை வென்றது. ரயில் நிலையத்தில் காவலர் ஒருவரால் சுடப்பட்டு இறந்த இளைஞனின் கடைசி நாளை 2013-இல் சிறிய படமாக எடுத்த ரயன் கூக்ளர்தான் 'பிளாக் பேந்தரை'யும் எடுத்தார். அந்த வெற்றி தந்த செல்வாக்கோடு பின்னர்த் தம்முடைய சொந்தக் கதைக்கும் திரும்பினார்.

பார்வையாளரின் சுவை கெட்டுவிட்டது என்பதையும் நான் ஏற்கமாட்டேன். 2023-இல், மூன்று மணி நேரம் பெரும்பாலும் அறைகளுக்குள் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கும் 'ஓப்பன்ஹைமர்' உலகெங்கும் 95 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. அதே ஆண்டு வந்த 'தி மார்வெல்ஸ்' சுமார் 20 கோடி டாலரோடு நின்றுபோனது. இடம் கொடுத்தால் மக்கள் வருவார்கள் என்பதற்கு இது ஒரு சான்று. ஓப்பன்ஹைமருக்கு இடம் கொடுத்தார்கள், அதுவும் ஆகப் பெரிய ஐமேக்ஸ் திரைகளில், என்பதை மறந்துவிடக் கூடாது.

அப்படியானால் கெட்டது எது? நாள்காட்டி கெட்டது என்பேன். 2008-இல் 'அயர்ன் மேன்' வந்ததிலிருந்து 2019-இல் 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' வரை பதினோரு ஆண்டுகளில் மார்வெல் மட்டும் 22 படங்களை வெளியிட்டது. கடைசிப் படம் ஏறத்தாழ 280 கோடி டாலர் ஈட்டியது. ஒவ்வொரு படமும் வருவதற்கு ஈராண்டு முன்பே அதன் வாரம் குறிக்கப்பட்டுவிடும். முதல் வார இறுதியில் முடிந்தவரை எல்லா அரங்குகளும் அதற்கே. எல்லாரும் ஒன்றாகப் பார்த்தாக வேண்டும், பார்க்காதவனுக்குக் கதையின் முடிவு கசிந்துவிடும் என்ற அவசரமே அதன் வியாபாரம். 1975-இல் 'ஜாஸ்' காலத்திலேயே இந்தப் பழக்கம் முளைவிட்டது உண்மைதான். ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை வந்த திருவிழா இப்போது மாதாந்திரச் சந்தையாகிவிட்டது. இதில் பேரம் பேசும் வலிமையும் ஒருபக்கமாகச் சாய்ந்தது. மார்வெலின் உரிமையாளரான டிஸ்னி, 2017-இல் தன்னுடைய ஸ்டார் வார்ஸ் படம் ஒன்றுக்கு, வசூலில் 65 விழுக்காடு தனக்கு வேண்டும், நான்கு வாரங்கள் ஆகப் பெரிய அரங்கிலேயே படம் ஓட வேண்டும் என்று அமெரிக்கத் திரையரங்குகளுக்கு நிபந்தனை விதித்த செய்தி அப்போது வெளிவந்தது. பெரிய அரங்கை ஒருவருக்கு நான்கு வாரம் எழுதிக் கொடுத்த திரையரங்கில், மற்றவர்களுக்குத் தருவதற்கு மிச்சமிருப்பது பிற்பகல் இரண்டு மணிதான்.

தீவிரமான படம் வேறு வேகத்தில் நடக்கிறது. அது முதல் வாரத்தில் ஐந்து பேரையும், அந்த ஐந்து பேர் சொல்லி இரண்டாம் வாரத்தில் முப்பது பேரையும் கூட்டி வரும். வாய்வழிச் செய்தி தேக்காவிலிருந்து ஈசூன் வந்து சேர ஒன்பது பத்து நாளாவது வேண்டாமா? அதற்குள் புதுப்படங்கள் இறங்கும் வியாழக்கிழமை வந்துவிடுகிறது, படம் எடுக்கப்பட்டுவிடுகிறது, "பார்த்தீர்களா, கூட்டமே இல்லை" என்று கணக்கும் முடிக்கப்படுகிறது. செவ்வாய்ப் பிற்பகலில் யார் வருவார்கள் என்று நினைத்தீர்கள்? ஊழியர் தங்குவிடுதிகளில் இருக்கும் நம் தமிழ் இளைஞர்களில் பெரும்பாலோருக்கு ஞாயிறு ஒன்றுதான் ஓய்வு. அவர்களுடைய ஊர், அவர்களுடைய கடன், அவர்களுடைய அம்மாவின் வெறுங்கழுத்து அந்தப் படத்தில் இருக்கிறது. ஆனால் ஞாயிறன்று அந்தப் படத்துக்குக் காட்சியே இல்லை.

விநியோகஸ்தர்களே, இந்த நோயை ஹாலிவுட்டோடு நிறுத்திவிட முடியாது. தமிழ்ப்படமும் அதே பாடத்தைப் படித்துவிட்டது. மேலங்கி இல்லை, அவ்வளவுதான். படத்துக்குப் படம் தொடரும் 'யுனிவர்ஸ்', கடைசிக் காட்சியில் அடுத்த பாகத்துக்கு ஒரு முன்னோட்டம், பெரிய நடிகரின் படம் வரும் வாரத்தில் விடியற்காலையிலிருந்து நள்ளிரவு வரை அதே படம். மறுபக்கம், பி. எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021-இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவின் முதன்மையான டைகர் விருதைப் பெற்ற தமிழ்ப்படம். பொட்டல் வெயிலில் ஓர் அப்பாவும் மகனும் நடக்கிறார்கள், அவ்வளவுதான் கதை. அந்த வெயிலைப் பெரிய திரையில்தான் உணர முடியும். நம்மில் பலர் அதை 2023-இல் இணையத் தளத்தில், கைப்பேசியில் பார்த்தோம்.

நம் நாட்டுக் கதையும் இதில் இருக்கிறது. 'அயர்ன் மேன்' திரைக்கு வந்த அதே 2008 மே மாதத்தில், எரிக் கூ இயக்கிய, பெரும்பகுதி தமிழில் பேசும் 'மை மேஜிக்' பிரான்சின் கான் திரைப்பட விழாவின் முதன்மைப் போட்டியில் திரையிடப்பட்டது. குடிக்கு அடிமையான ஒரு மந்திரவித்தைக்காரரும் அவருடைய மகனும்தான் கதை மாந்தர்கள். அந்தப் போட்டிக்குள் நுழைந்த முதல் சிங்கப்பூர்ப் படம் அது, அதுவும் தமிழில்! இன்றைக்கு ஒரு தமிழ் வகுப்பில் 'அயர்ன் மேன்' யார் என்று கேட்டால் எல்லாக் கையும் உயரும். மற்றதைக் கேட்டால் எத்தனை கை உயரும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். 2016-இல் கே. ராஜகோபாலின் 'எ யெல்லோ பேர்ட்' கான் விழாவின் 'விமர்சகர் வாரம்' என்ற பிரிவுக்குப் போனது. விருது விழாக்களுக்கு வழி தெரிந்த நம் படங்களுக்கு அக்கம்பக்கத் திரையரங்குக்குத்தான் வழி கிடைப்பதில்லை.

உங்கள் நிலை எனக்குத் தெரியாமல் இல்லை. வாடகை, ஆள் பற்றாக்குறை, வீட்டிலிருந்தே படம் பார்க்கும் பழக்கம் ஆகியவற்றுக்கு நடுவே நீங்கள் விளக்கை எரியவைத்துக் கொண்டிருக்கிறீர்கள். 2025-இல் கேத்தே திரையரங்குகள் மூடப்பட்டதைப் பார்த்தோம். தீவிரமான படங்களுக்கென்றே பத்தாண்டுக்கு மேல் உழைத்த 'தி புரொஜெக்டர்' அதே ஆண்டு ஆகஸ்ட்டில் மூடப்பட்டதையும் பார்த்தோம். ஆகவே, நல்ல படம் போட்டால் பணம் கொட்டும் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். கொட்டாது. சூப்பர் ஹீரோ படங்களின் வசூல்தான் உங்கள் குளிர்சாதனத்துக்குக் கட்டணம் கட்டுகிறது. கிருமித்தொற்றுக் காலத்துக்குப் பிறகு 2021 டிசம்பரில் மக்களைத் திரும்ப அரங்குக்கு இழுத்து வந்ததும் ஒரு ஸ்பைடர்மேன்தான். அவரை வெளியேற்றச் சொல்லி நான் கேட்கவில்லை.

ஈசூனில் 1992-இல் பத்து அரங்குகளோடு நாட்டின் முதல் பல்லரங்குத் திரைவளாகம் திறக்கப்பட்டபோது நான் அங்கே போய் வாயைப் பிளந்து நின்றவர்களில் ஒருவன். பத்து அரங்கு என்றால் பத்து விதமான படம் என்று நான் நினைத்துக்கொண்டேன். அரைமணிக்கு ஒருமுறை அதே படம் தொடங்கும் என்பதற்காக நாடெங்கும் அத்தனை அரங்குகளைக் கட்டுவார்கள் என்று அப்போது தோன்றவில்லை.

நான் கேட்பது சிறியது. தமிழ்ப்படங்களைத் திரையிடும் வளாகம் ஒவ்வொன்றிலும் ஆகச் சிறிய அரங்கில், மாலை ஏழு அல்லது ஏழரை மணிக் காட்சி ஒன்றையும், ஞாயிறு பிற்பகல் காட்சி ஒன்றையும் நட்சத்திரப் பலமில்லாத ஒரு படத்துக்கு மூன்று வாரங்கள் அசையாமல் ஒதுக்கி வையுங்கள். முதல் வார எண்ணிக்கையைப் பார்த்து எடுத்துவிடாதீர்கள். அடுத்த வார அட்டவணையைக் கடைசி நேரத்தில் வெளியிடாமல் ஒரு வாரம் முன்னதாகச் சொன்னால், வாசகர் வட்டங்களும் தமிழாசிரியர்களும் ஆள் சேர்க்க முடியும். இயன்றால், அந்தச் சிறிய அரங்கு இடி முழங்கும் அரங்குக்கு அடுத்ததாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விநியோகஸ்தர்களுக்கும் ஒரு சொல்: பெரிய நடிகரின் படத்தை வாங்கும்போது அத்தனை அரங்குகளையும் கேட்டு நெருக்காதீர்கள். அதே கையால் ஆண்டுக்கு நான்கு சிறிய படங்களையாவது, திரையின் அடியில் ஆங்கில மொழிபெயர்ப்பு வரிகளை ஒழுங்காகப் போட்டுக் கொண்டு வாருங்கள். என் அண்டைவீட்டுச் சீன நண்பரையும் அழைத்து வருவேன்.

"ஓடிடியில் வந்துவிடுமே, அப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லிச் சொல்லியே உங்கள் இருக்கைகளைக் காலியாக விட்டதில் எனக்கும் பங்குண்டு, மறைக்க விரும்பவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை படம் முடிந்து மின்படியில் இறங்கும்போது முன்வரிசை மூதாட்டி என் பக்கத்தில் நின்றார். மகளையும் கூட்டிவர வேண்டும், அவளுக்குச் சனிக்கிழமைதான் வேலை இல்லை, சனிக்கிழமை எத்தனை மணிக்கு என்று பார்த்துச் சொல்லச் சொன்னார். கைப்பேசியில் தேடிப் பார்த்தேன். வியாழக்கிழமையிலிருந்து அந்தப் படத்தின் பெயரே பட்டியலில் இல்லை. அடுத்தமுறை இப்படி ஒருவர் கேட்டால் சொல்வதற்கு எனக்கு ஒரு நேரம் கொடுங்கள். ஏழரை மணி போதும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாடிக்கையாளன்,
ஈசூன்