கான்ஸ்டன்ஸ் பற்றி சூசைக்கு

அன்புள்ள சூசை,

உன் கடிதம் வந்தது. கண் அறுவை நல்லபடியாக முடிந்து மறுபடி வாசிக்கத் தொடங்கிவிட்டாய் என்பதில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடு. அந்த விஷயத்தில் உன்னைவிட மதினியைத்தான் நம்புகிறேன். இங்கே எல்லாரும் சுகம். சின்னவளுக்குச் சூரிச்சில் வேலை நிரந்தரமாகிவிட்டது. மே மாதம் அவளைப் பார்க்கப் போயிருந்தபோது ரயிலேறி ஜெர்மனி எல்லையில் ஏரிக்கரையிலுள்ள கான்ஸ்டன்ஸ் ஊருக்கும் போய்வந்தேன்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். 1414-இல் திருச்சபையின் ஆயர்கள் கூடிய கான்ஸ்டன்ஸ் பொதுச்சங்கம், ஒரே நேரத்தில் பல பாப்பரசர்கள் இருந்த பிரிவினையைத் தீர்த்தது பெரிய காரியம், யான் ஹுஸ் என்ற செக் போதகரைத் தப்பறைக்காரர் என்று எரித்தது வேறொரு கறை, இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக்கூடாது என்று எழுதியிருந்தாய். நானும் பல நாள் யோசித்துவிட்டேன், சூசை. என்னால் அவற்றைப் பிரிக்க முடியவில்லை. அதே மனிதர்கள், அதே கோயில், அதே சில மாதங்கள். ஒரே பயம்தான் இரண்டையும் செய்ய வைத்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று பார். பாப்பரசர்கள் ஏறக்குறைய எழுபது வருடம் தெற்கு பிரான்சிலுள்ள அவிஞ்ஞோனில் இருந்துவிட்டு, 1377 ஜனவரியில்தான் 11-ஆம் கிரகோரி ரோமைக்குத் திரும்பினார். அடுத்த வருடம் மார்ச்சில் இறந்தும் போனார். புதியவரைத் தேர்ந்தெடுக்க 16 கர்தினால்மார் கூடினார்கள். அவர்களில் 11 பேர் பிரெஞ்சுக்காரர்கள். வெளியே ரோமைச் சனம் திரண்டு நின்று, ரோமையர் வேண்டும், இல்லாவிட்டால் இத்தாலியராவது வேண்டும் என்று கத்திக்கொண்டிருந்தது. 1378 ஏப்ரல் 8-ஆம் தேதி, கர்தினாலாகக்கூட இல்லாத பாரி நகரப் பேராயரைத் தேர்ந்தெடுத்தார்கள். வெளியே அறிவிப்பதற்குள் கூட்டம் உள்ளே புகுந்துவிட்டது. பயந்துபோனவர்கள், தெபால்தெஸ்கி என்ற வயோதிக ரோமைக் கர்தினாலைப் பாப்பரசர் போல உடுத்திக் காட்டிவிட்டுத் தப்பினார்கள்.

தேர்வானவர்தான் 6-ஆம் உர்பான். கர்தினால்மார் அவருக்கு முடிசூட்டினார்கள், வணங்கினார்கள், அவரிடம் சலுகைகளும் கேட்டார்கள். அப்புறம் அவருடைய கோபமும் ஏச்சும் தாங்க முடியாமல் போனதும், உயிருக்குப் பயந்து போட்ட ஓட்டு செல்லாது என்று சொல்லி, செப்டம்பர் 20-ஆம் தேதி ஃபோந்தியில் 7-ஆம் கிளமென்ட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். முன்பு போட்டியாக வந்த எதிர்ப் பாப்பரசர்களில் பலரை மன்னர்கள் நிறுத்தினார்கள். இந்த இரண்டு பேரையும் தேர்ந்தெடுத்தது ஏறக்குறைய ஒரே கர்தினால் குழு. அதனால்தான் யார் உண்மையானவர் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை. சியன்னா கத்தரீனம்மாள் உர்பான் பக்கம் நின்றார். வின்சென்ட் ஃபெரர் அவிஞ்ஞோன் பக்கம் நின்றார். இரண்டு பேரையும் நாம் புனிதர்களாக வணங்குகிறோம். இதை நினைத்தால் எனக்கு ஆறுதலாகவும் இருக்கிறது, கலக்கமாகவும் இருக்கிறது.

சாதாரண சனம் என்ன நினைத்திருக்கும் என்று கேட்டிருந்தாய். பிரான்சும் ஸ்காட்லாந்தும் காஸ்டிலும் அவிஞ்ஞோனைப் பின்பற்றின. இங்கிலாந்தும் ஹங்கேரியும் ஜெர்மன் நாடுகளில் பெரும்பகுதியும் ரோமையை ஏற்றன. ஒருவர் மற்றவரையும் அவர் ஆட்களையும் சபையை விட்டு விலக்கினார். சில மறைமாவட்டங்களுக்கு இரண்டு ஆயர்கள், துறவற சபைகளுக்கு இரண்டு தலைவர்கள். என் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்த சாமியார் சரியான பக்கத்தைச் சேர்ந்தவர்தானா என்ற கேள்வி ஒரு தாயின் மனதில் எழுந்திருந்தால், அதற்குப் பதில் சொல்ல ஆள் இல்லை. இரண்டு அரண்மனைகளை நடத்தும் செலவோ அந்தச் சனத்தின் தலையில்தான் விழுந்தது. நாற்பது வருடம் இப்படிப் போனது, சூசை. பிரிவினைக்குள்ளேயே பிறந்து, பிரிவினைக்குள்ளேயே செத்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்!

1409-இல் பீசாவில் கூடிய சங்கம் இரண்டு பேரையும் நீக்கி மூன்றாவது ஒருவரைத் தேர்ந்தெடுத்தது. பழைய இருவரும் விலக மறுத்தார்கள். அதனால் மூன்று பாப்பரசர்கள். அந்த மூன்றாவது வரிசையில் அடுத்து வந்தவர்தான் பல்தசாரே கோசா என்கிற 23-ஆம் யோவான். (இவரை எதிர்ப் பாப்பரசர் என்று கருதியதால்தான், நம் சின்ன வயதில் இருந்த நல்ல பாப்பு அந்த எண்ணை மறுபடி எடுத்துக்கொண்டார்.)

கான்ஸ்டன்ஸ் சங்கம் 1414 நவம்பரில் தொடங்கியது. கூட்டச் சொன்னவர் ஜெர்மன் மன்னர் சிகிஸ்முண்ட். இத்தாலிய ஆயர்கள் எண்ணிக்கையில் அதிகம் என்பதால், தலைக்கு ஒரு ஓட்டு என்பதை விட்டு, நாட்டினத்துக்கு ஒரு ஓட்டு என்று வைத்தார்கள். தன் கட்சி தோற்கப்போவதைப் பார்த்த 23-ஆம் யோவான், 1415 மார்ச் 20-ஆம் தேதி மாறுவேடத்தில் ஊரை விட்டு ஓடிவிட்டார். சங்கமே கலைந்துவிடும் நிலை. அப்போதுதான், ஏப்ரல் 6-ஆம் தேதி, இந்தச் சங்கம் தன் அதிகாரத்தைக் கிறிஸ்துவிடமிருந்தே நேரடியாகப் பெற்றிருக்கிறது, பாப்பரசரும் இதற்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று அறிக்கை செய்தார்கள். என்ன துணிச்சல்! பாரிஸ் பல்கலைக்கழகத்தின் ஜெர்சோனும் கர்தினால் பியேர் தைய்யும் இந்தச் சிந்தனைக்காக வருடக்கணக்கில் எழுதிப் பேசி உழைத்தவர்கள். மே 29-இல் யோவானை நீக்கினார்கள். ஜூலை 4-இல் ரோமை வரிசையின் 12-ஆம் கிரகோரி, தன் பிரதிநிதி மூலமாகத் தானே பதவி விலகினார். எனக்கு அந்தக் கிழவர் மேல் உண்மையான மரியாதை உண்டு. தாமதம்தான், ஆனாலும் கட்டாயப்படுத்தி நீக்கும் வரை காத்திராமல் விட்டுக்கொடுத்தார். அவருக்குப் பிறகு 2013-இல் 16-ஆம் பெனடிக்ட் வரை எந்தப் பாப்பரசரும் விலகவில்லை.

ஜூலை 4. இரண்டே நாள் கழித்து, ஜூலை 6, அதே கதீட்ரலில் ஹுஸ்ஸை நிறுத்தித் தீர்ப்பு வாசித்து, பிசாசுப் படம் வரைந்த காகித முடியைத் தலையில் வைத்து, ஊருக்கு வெளியே கொண்டுபோய் எரித்தார்கள். சாம்பலை ரைன் நதியில் கொட்டினார்கள்.

ஹுஸ் யார்? பிராகாவின் பெத்லகேம் சிற்றாலயத்தில் செக் மொழியில் பிரசங்கம் செய்தவர். கோசா தன் போருக்காகப் பாவமன்னிப்புச் சீட்டு விற்றபோது எதிர்த்தவர். மன்னரின் பாதுகாப்புக் கடிதத்தை நம்பி வந்தார், வந்த சில வாரங்களிலேயே சிறையில் போட்டார்கள். திருச்சபையின் தலை கிறிஸ்துவே, சாவான பாவத்தில் கிடக்கும் பாப்பரசர் உண்மையான பாப்பரசர் ஆகமாட்டார் என்பது அவர் போதனை. இதைக் கேட்டு நடுங்கியவர்கள்தான் கோசாவை அவருடைய தீய நடத்தைக்காகச் சற்று முன் நீக்கியவர்கள்! கோசாவும் ஹுஸ்ஸும் அந்த வருடம் ஒரே கோட்லீபன் கோட்டையில் கைதியாக இருந்தார்கள். கோசா பின்பு கர்தினாலாகி, ஃபுளோரன்சில் தொனத்தெல்லோ செய்த கல்லறையில் கிடக்கிறார்.

ஜெர்சோனும் தைய்யும் ஹுஸ்ஸுக்கு எதிராக முன்நின்றார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் வலிக்கிறது. அவர்கள் கெட்டவர்கள் அல்ல. சங்கமாகக் கூடிய ஆயர்கள் ஒரு பாப்பரசரை நீக்கலாம், ஆனால் ஒரு தனி மனிதனின் மனசாட்சி அதைச் செய்ய ஆரம்பித்தால் மறுபடி நாற்பது வருடக் குழப்பம் வந்துவிடும் என்று பயந்தார்கள். தாங்களே பாப்பரசரை நீக்குகிறவர்கள் ஆனதால், தங்கள் விசுவாசம் சுத்தமானது என்று உலகத்துக்குக் காட்டவும் வேண்டியிருந்தது. இந்தக் கணக்கில் ஒரு நேர்மையான மனிதன் எரிந்தான். வேதத்திலிருந்து என் தப்பறையைக் காட்டுங்கள், மறுக்கிறேன். நான் சொல்லாததைச் சொன்னதாக ஒப்புக்கொண்டு அதை மறுக்க முடியாது என்றுதான் அவர் கடைசி வரை சொன்னார். அதற்கு மேல் ஒரு விசுவாசி என்ன சொல்ல முடியும்?

நீ திருச்சபைச் சீர்திருத்தத்தைப் பற்றி எழுதவே இல்லை. சங்கத்தின் முக்கியமான தோல்வி அங்கேதான் என்பேன். 1417-இல் பெரிய விவாதம்: முதலில் சீர்திருத்தமா, முதலில் பாப்பரசர் தேர்தலா? சிகிஸ்முண்டும் ஜெர்மானியரும் சீர்திருத்தம் முதலில் என்றார்கள். அவர்களோடு உறுதியாக நின்ற ஆங்கிலேய ஆயர் ஹாலம் செப்டம்பரில் இறந்ததும், ஆங்கிலேயரும் கட்சி மாறினார்கள். ஐந்தாறு ஆணைகளோடு சமாதானம் செய்துகொண்டு, நவம்பர் 11-இல் 5-ஆம் மார்ட்டினைத் தேர்ந்தெடுத்தார்கள். 23 கர்தினால்மாரும் ஐந்து நாட்டினங்களின் 30 பிரதிநிதிகளும் சேர்ந்து ஏரிக்கரை வணிகக் கிட்டங்கியில் ஓட்டுப் போட்டார்கள். அந்தக் கட்டடம் இன்னும் கம்பீரமாக நிற்கிறது. வீட்டுக்கு ஒரு தலைவர் வந்துவிட்டார், இனி கூரையை மெதுவாக மாற்றலாம் என்று நினைத்தார்கள். பொதுச்சங்கம் ஐந்து வருடத்தில் ஒன்று, பிறகு ஏழு வருடத்தில் ஒன்று, அப்புறம் பத்து வருடத்துக்கு ஒருமுறை கூடியே ஆகவேண்டும் என்று ஆணை போட்டார்கள். ஆனால் 1460-இல் 2-ஆம் பயஸ், பாப்பரசரை விட்டுச் சங்கத்திடம் முறையிடுவதையே தடை செய்தார். இவரே இளவயதில், கான்ஸ்டன்ஸுக்குப் பின் கூடிப் பாப்பரசரோடு மோதிய பாசல் சங்கத்தின் ஆளாக இருந்தவர். 1519-இல் லைப்சிக் விவாதத்தில் லூத்தர், ஹுஸ்ஸின் கூற்றுகளில் பல முழுக்கக் கிறிஸ்தவமானவை என்று சொன்னபோது, நூறு வருடம் தள்ளிப்போட்ட கணக்கு அவர்கள் முன்னால் வந்து நின்றது.

இன்னொன்று. 1415 ஜூனில் அதே சங்கம் நற்கருணையில் சனத்துக்குத் திராட்சை இரசம் கொடுப்பதையும் தடை செய்தது. செக் மக்கள் அந்தக் கிண்ணத்துக்காகவே போர் செய்தார்கள். இன்று நம் பங்கில் திருமணப் பூசையில் மணமக்களுக்கு இரசம் தரும்போதெல்லாம் எனக்கு அவர்கள் ஞாபகம்தான்.

ஹுஸ் எரிந்த இடத்தில் ஒரு பெரிய கல் கிடக்கிறது, 1862-இல் வைத்தது. அங்கே நின்று அவருக்காக ஒரு பரலோக மந்திரம் சொன்னேன். 1999-இல் 2-ஆம் ஜான் பால் அவருடைய கொடிய சாவுக்காக ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தபோது நீ எனக்குப் போன் செய்தாய். அதை அன்றும் போதாது என்றேன், இன்றும் அதேதான் சொல்வேன். தண்டனைத் தீர்ப்பையே திரும்பப் பெற வேண்டும்.

நீ ஒத்துக்கொள்ளமாட்டாய் என்று தெரியும். எங்கே தப்பு என்று விவரமாக எழுது. குறிப்பாகப் பாசல் சங்கம் ஏன் தோற்றது என்று நீ நினைக்கிறாய்? 5-ஆம் ஃபெலிக்ஸை எதிர்ப் பாப்பரசராகத் தேர்ந்தெடுத்ததுதான் அதன் சாவு என்பது என் எண்ணம். கண் முழுசாகத் தேறும் வரை இரவில் எழுதாதே, மதினியிடம் சொல்லி எழுதவை.

அன்புடன்,
ஆரோக்கியம்