முன்பணம் கட்டுவதற்கு முன்

அன்புள்ள முரளி,

உன் கடிதம் வந்து நான்கு மாதம் ஆகிறது. நாளைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன், வேறு காரணம் எதுவும் இல்லை. மன்னித்துவிடு. வீட்டில் எல்லோரும் நலம். பூனை இன்னும் உன் தொப்பிக்குள்தான் தூங்குகிறது. அதைத் திருப்பிக் கேட்காதே.

நேற்று வாத்தியார் பேசினார். பறவைப் படம் எடுக்க நீ 600 எஃப் 4 லென்ஸ் (குவியத் தூரம் 600 மில்லிமீட்டர், துளை எஃப் 4) வாங்க முடிவு செய்துவிட்டாயாம், அடுத்த வாரம் முன்பணம் கட்டப் போகிறாயாம். கேட்டதும் எனக்குப் பகீரென்றது. இரவு முழுக்க அதே நினைப்பு. காலையில் எழுந்ததும் முதல் வேலையாக இதை எழுதுகிறேன். கட்டாதே. குறைந்தபட்சம் இதைப் படித்து முடிக்கும்வரை கட்டாதே.

நீ அனுப்பிய மீன்கொத்திப் படத்திலிருந்து தொடங்குகிறேன். கருப்பு வெள்ளை மீன்கொத்தி நீருக்கு மேல் அந்தரத்தில் சிறகடித்து நிற்கும் அந்தப் படம். "லென்ஸ் எட்டவில்லை, 300-ஐ வைத்துக்கொண்டு இதற்குமேல் முடியாது" என்று எழுதியிருந்தாய். அதைத் திரையில் பெரிதாக்கி அரை மணி நேரம் பார்த்தேன். ஷட்டர் வேகம் 1/500 நொடி. அந்தப் பறவை இறக்கையடிக்கும் வேகத்துக்கு 1/2000-கூடக் குறைவு, நான் 1/3200 வைப்பேன். லென்ஸில் நடுக்கத் தடுப்பு இருக்கிறதே என்பாய். அது உன் கையின் ஆட்டத்தை அடக்கும், பறவையின் சிறகை அடக்க அதனால் ஆகாது. இன்னொன்றையும் பார்த்தேன். பறவைக்குப் பின்னால் இருக்கும் நாணல் நேராக இல்லை, எல்லாத் தண்டும் நெளிந்து நெளிந்து நிற்கிறது. படம் எடுத்த நேரம் பகல் பதினொன்று. அது கானல். சூடேறிய காற்று ஒளியை இப்படியும் அப்படியும் வளைத்திருக்கிறது. அதே இடத்தில் அதே நேரத்தில் 600 மாட்டியிருந்தால் அந்த நெளிவு இரண்டு மடங்கு பெரிதாகக் கிடைத்திருக்கும், அவ்வளவுதான். உலகத்திலேயே சிறந்த கண்ணாடியும் அந்தக் காற்றின் வழியாகத்தான் பார்க்க வேண்டும்.

எனக்கு 600 எஃப் 4 பிடிக்காது என்று நினைக்காதே. வாத்தியாரின் பழைய லென்ஸை ஒரு காலை முழுக்க வைத்திருந்தேன். விடிந்தும் விடியாத வெளிச்சத்தில், முள்கம்பியில் உட்கார்ந்திருந்த பஞ்சுருட்டான். பின்னால் இருந்த புதர் மொத்தமும் கரைந்து ஒரே பச்சையாகிவிட்டது. கண்ணைச் சுற்றியிருந்த கருப்புப் பட்டையில் ஒவ்வொரு தூவியும் தனித்தனியாகத் தெரிந்தது. எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் துளை பெரிதாகும். எஃப் 6.3 லென்ஸோடு ஒப்பிட்டால் எஃப் 4 இரண்டரை மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. அங்கே கேமராவின் ஒளியுணர்திறன், அதாவது ஐஎஸ்ஓ, 3200 கேட்கும் இடத்தில் இங்கே 1250 போதும். அந்த ஒரு மணி நேரத்துக்காக மனிதர்கள் ஏன் இதை வாங்குகிறார்கள் என்பது எனக்கு நன்றாகவே புரிகிறது.

ஆனால் அந்த வெளிச்சத்துக்குக் கொடுக்க வேண்டிய விலை கண்ணாடியின் அகலம். குவியத் தூரம் 600-ஐ எஃப் எண் 4-ஆல் வகுத்துப் பார், 150 மில்லிமீட்டர். முன்கண்ணாடி அந்த அளவுக்காவது இருந்தே ஆக வேண்டும். 6.3-ஆல் வகுத்தால் 95 போதும். எடை முழுக்க இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. நீ பார்த்து வைத்திருக்கும் நிக்கான் இசட் 600 எஃப் 4 சுமார் 3.26 கிலோ. உன் கேமராவும் சேர்ந்தால் நான்கு கிலோவை நெருங்கும். அதைத் தாங்கும் முக்காலியைத் தனியாகத் தூக்க வேண்டும்.

முரளி, இந்த இடத்தில் விளையாட்டை விட்டுவிடுகிறேன். உன் கழுத்தை ஸ்கேன் செய்தபோது வெளியே உட்கார்ந்திருந்தவன் நான். மருத்துவர் சொன்னதை நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. வாத்தியார் உன்னிடம் சொன்னாரா என்று தெரியவில்லை. தோள்வலி வந்த பிறகு ஒன்றரை வருடம் அவர் ஏரிப் பக்கமே போகவில்லை. லென்ஸ் பீரோவில் இருந்தது. வலி குறைந்த நாட்களில்கூட, "அதைத் தூக்கிக்கொண்டு யார் போவது" என்று படுத்துவிடுவாராம். நம் வாத்தியார்! ஆறு மணிக்கு வரச் சொன்னால் ஐந்தரைக்கே வந்து நம்மைத் திட்டிக்கொண்டிருப்பாரே, அவர். போன மாதம் அதை விற்றுவிட்டு ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவான ஒரு 500 வாங்கியிருக்கிறார். இப்போது வாரத்துக்கு மூன்று நாள் போகிறார். குரலே மாறிவிட்டது.

உன் கேமராவில் படத்தைப் பதிவு செய்யும் சென்சார் சிறியது என்பதை யாரும் உனக்குச் சொல்லவில்லையா? 400 மாட்டினாலே பெரிய முழு அளவு சென்சாரில் 600 காட்டும் காட்சி அதில் கிடைக்கும். 600 மாட்டினால் 900-க்குச் சமம். பார்வைக் கோணம் மூன்று பாகையைக்கூட எட்டாது. ஓடும் உள்ளான் பறவையை அதற்குள் தேடிப் பிடிப்பதற்குள் அது அடுத்த கரைக்குப் போய்விடும். மீன்கொத்தி தலைகீழாகப் பாயும்போது உன் படச் சட்டத்தில் வெறும் தண்ணீர்தான் இருக்கும்.

ஆகவே என் தேர்வு நிக்கான் இசட் 400 எஃப் 4.5. முக்காலி வளையத்தோடு 1.245 கிலோ. இரண்டரை மீட்டர்வரை வரும் பறவையைக் குவியப்படுத்தும், தேன்சிட்டுக்கு அது மிக முக்கியம். தூரம் வேண்டும் என்றால் லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டி குவியத் தூரத்தை 1.4 மடங்காக்கும் டெலிகன்வெர்ட்டர் போட்டுக்கொள், 560 எஃப் 6.3 ஆகிவிடும்.

600 எஃப் 6.3 பிஎஃப் என்ன பாவம் செய்தது என்று கேட்பாய். ஒரு பாவமும் செய்யவில்லை. 1.47 கிலோவில் 600 தருவது உண்மையிலேயே சாதனை. பிஎஃப் என்பதில் இருக்கும் எஃப், ஃபிரனெலின் பெயர். 1820-களில் கலங்கரை விளக்கத்துக்காகத் தடிமனான கண்ணாடியைப் படிப்படியாக வெட்டி மெலிதாக்கினாரே, அந்த பிரெஞ்சு இயற்பியலாளர். அவர் பெயரைத் தாங்கிய கண்ணாடியால் இன்று நம் தோள் பிழைக்கிறது என்று நினைத்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் அது நான்கு மீட்டருக்கு இந்தப் பக்கம் குவியாது, 400-ஐவிட வெளிச்சமும் ஒரு படி குறைவு, அதாவது பாதிதான். உன் கேமராவுக்கு 400-தான் பொருந்தும். 180-600 ஜூம் நல்லது, அகலமாக வைத்துப் பறவையைக் கண்டுபிடித்துவிட்டு உள்ளே இழுக்கலாம். இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கிறது என்பதால்தான் உன் கழுத்தை நினைத்துத் தயங்குகிறேன்.

600 வேண்டும் என்பதற்கு நான் ஒப்புக்கொள்ளும் காரணம் ஒன்றே ஒன்று. சில பறவைகளிடம் நாம் நெருங்கவே கூடாது. ஆனால் கூடு கட்டும் காலத்தில் பறவை நம்மைப் பார்த்துக் கத்தத் தொடங்கிவிட்டால் எந்த லென்ஸாக இருந்தாலும் பின்வாங்கிவிட வேண்டும். போன வருடம் நீ அனுப்பிய ஆள்காட்டிப் பறவையின் படத்தைப் பற்றி அப்போது நான் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், அது சரியில்லை.

மற்ற நாட்களில் தூரத்தைக் குறைக்க வேறு வழி இருக்கிறது. சென்ற ஞாயிறு சேற்றுக்கரையில் வயிற்றில் படுத்துக் கிடந்தேன். இருபது நிமிடம் அசையவில்லை. முதலில் என்னைச் சுற்றி வளைத்து ஓடிக்கொண்டிருந்த உள்ளான் ஒன்று, பிறகு என்னை ஒரு கட்டையாகவே நினைத்துவிட்டது போலிருக்கிறது. சேற்றைக் குத்திக் குத்திக்கொண்டு நேராக வந்தது. அலகின் நுனியில் ஒட்டியிருந்த சேற்றுத் துளி கீழே விழாமல் தொங்கியதுவரை தெரிந்தது. படம் 400-இல் எடுத்தது, வெட்டவே தேவைப்படவில்லை. பறவைக்கும் நமக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் அது குவியத் தூரத்தை இரட்டிப்பாக்கியதற்குச் சமம், பறவையே நெருங்கி வந்தால் அதைவிட என்ன வேண்டும்?

சனிக்கிழமை உன் வீட்டுக்கு வருகிறேன். என் 400-ஐயும் டெலிகன்வெர்ட்டரையும் கொண்டுவருகிறேன், உன் கேமராவில் மாட்டு. வாத்தியாரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், அவருடைய 500-ஐயும் தூக்கிப் பார். நான்கு கிலோ எப்படி இருக்கும் என்று தெரிய நான்கு தண்ணீர் பாட்டிலை ஒரு பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நட. இரண்டு மணி நேரம் நடந்த பிறகும் 600 எஃப் 4-தான் வேண்டும் என்றால் நானே உன்னோடு கடைக்கு வருகிறேன்.

ஐந்தரைக்குத் தயாராக இரு. மூன்றாவது கொக்குக் கதையை வாத்தியார் எதிரில் எடுக்காதே.

அன்புடன்,
ரகு