மதினிக்கு ஒரு கடிதம்: ஆல்பத்தில் அடுப்படியும் இருக்கட்டும்

அன்புள்ள மதினி,

வீட்டுப் படங்களைச் சேர்த்துவைக்க எந்த ஆல்பம் வாங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். பூ ஸ்டிக்கர், மினுமினுப்பு நாடா, பொன்மொழி அச்சிட்ட அட்டை எல்லாம் அடங்கிய ஒரு பெட்டியின் படத்தையும் அனுப்பியிருந்தீர்கள். அந்தப் பெட்டி வேண்டாம். அந்தக் காசில் படங்களைப் பிரின்ட் போடுங்கள்.

படம் செருகும் பை வைத்த பிளாஸ்டிக் தாள்களில் அன்றாட வாழ்க்கையைச் சேர்த்துவைப்பதை அமெரிக்காவில் பரப்பியவர்களில் பெக்கி ஹிக்கின்ஸ் முக்கியமானவர். தன் முறைக்கு 'புராஜெக்ட் லைஃப்' என்று பெயர் வைத்தார். அதில் பரவலான தாள் 12 அங்குலச் சதுரம். 4க்கு 6 படத்துக்கு நான்கு பை, 3க்கு 4 அட்டைக்கு நான்கு பை. வெட்டலும் ஒட்டலும் கிடையாது, செருகினால் முடிந்தது. நமக்கு அவ்வளவு பெரிதும் வேண்டாம். ஃபிலிம் ரோல் கழுவக் கொடுத்த காலத்தில் ஸ்டுடியோவில் சும்மா தருவார்களே, அந்த மாதிரி ஆல்பம் போதும். பக்கத்துக்கு இரண்டு பை இருந்தால் சரி: மேலே படம், கீழே எழுதிய அட்டை.

வாங்குமுன் தாளை முகர்ந்து பாருங்கள், கடைக்காரர் என்ன நினைத்தாலும் சரி. புது மழைக்கோட்டு வாடை அடித்தால் அது பி.வி.சி. என்ற பிளாஸ்டிக்காக இருக்கும், நாளாக நாளாகப் படத்தோடு ஒட்டிக்கொள்ளும். படத்தில் ஒட்டாத இன்னொரு பிளாஸ்டிக் உண்டு, பாலிப்ரொப்பிலீன் என்று போட்டிருப்பதை வாங்குங்கள். அம்மாவின் பழைய ஆல்பத்தில் பசைக்கோட்டில் ஒட்டிய படங்களைப் பிய்க்கப் பார்க்காதீர்கள், கிழிந்துவிடும். இருந்த இடத்திலேயே போனில் எடுத்துக்கொண்டால் போதும்.

நம் குடும்பத்தில் ஆல்பத்துக்கா பஞ்சம்? கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து, கிரகப்பிரவேசம் என்று எல்லாவற்றிலும் பட்டுப்புடவையும் நகையுமாக விறைத்து நிற்கிறோம். ஆனால் அம்மா அத்தனை வருடம் நின்று சமைத்த அடுப்படி எப்படி இருந்தது என்று காட்ட ஒரு படம் கிடையாது. அதனால்தான் சொல்கிறேன், விசேஷங்களை விட்டுவிடுங்கள். வாசலில் காயும் வற்றல், துவைத்த சீருடைகள் தொங்கும் கொடி, ரீடிங் எடுப்பவர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நீல மையில் எழுதிப்போன அந்த வெள்ளை மின்வாரிய அட்டை, இவற்றை வையுங்கள்.

தேதிக்கென்று தனி அட்டை வாங்க வேண்டாம். தினசரிக் காலண்டரில் கிழித்த தாளையே ஒரு பையில் செருகலாம். ராசிபலனோடு, சிலிண்டர் மாற்றியதை நீங்கள் ஓரத்தில் கிறுக்கியதும் சேர்ந்து கிடைக்கும். மட்டமான தாள், பழுப்பேறும். படத்தின் மேல் படாமல் தனிப் பையில் இருக்கட்டும். கண்டக்டர் மெஷினில் அடித்துத் தரும் டிக்கெட்டை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். அது வெப்பத்தில் எழுத்து பதியும் தாள். கொஞ்ச நாளில் வெறும் வெள்ளையாகிவிடும்.

படத்தைவிட அட்டையில் எழுதுவதுதான் முக்கியம். 'கீரைக்காரம்மா. காலை ஏழு மணி. தண்டுக்கீரை கட்டு 20 ரூபாய். பேரனுக்குக் காய்ச்சல் என்று இன்று பேச்சில்லாமல் போய்விட்டார்.' இப்படிப் பெயர், நேரம், விலை, நடந்தது ஒன்று இருந்தால் போதும். 'மறக்க முடியாத இனிய நினைவுகள்' என்று எழுதுவதாக இருந்தால் அட்டையைக் காலியாகவே விட்டுவிடுங்கள். படத்தின் பின்னால் பால்பாயின்ட் பேனாவால் எழுத வேண்டாம். அழுத்தம் முன்பக்கம் தடமாகத் தெரியும்.

எல்லாப் படத்தையும் போடவும் நினைக்காதீர்கள். மாதத்துக்கு எட்டு பிரின்ட் என்று வைத்துக்கொண்டால் கை சலிக்காது. ஒரு மாதம் விட்டுப்போனால் போகட்டும், அடுத்த மாதத்திலிருந்து தொடருங்கள்.

முதல் படமாக, அண்ணன் இரவு கடை ஷட்டரை இறக்குவதை எடுங்கள். "இதையெல்லாமா படம் எடுப்பாய்?" என்று கத்துவார். அதையும் அட்டையில் எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்