கோடை ஊழியத்துக்குப் போகும் மகனுக்கு

அன்பு மகனுக்கு,

கிறிஸ்தவ வாலிபர் ஐக்கியத்திலிருந்து நீங்கள் பத்துப் பன்னிரண்டு பேர், எல்லாரும் ஆண்பிள்ளைகள், இந்தக் கோடை முழுக்க நகரத்திலேயே தங்கி ஊழியம் செய்யப் போகிறீர்கள் என்று உன் செய்தியைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவ்வளவு சந்தோஷம். ஃபோனில் பேசினால் பாதியை மறந்துவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

நீ எழுதியதில் ஒரு வரியிலேயே என் மனம் நிற்கிறது. "ஊழியமும் ஆச்சு, நாங்கள் அண்ணன் தம்பிகளாக நெருங்கின மாதிரியும் ஆச்சு" என்று எழுதியிருந்தாய். நெருக்கம் வரும், அதில் சந்தேகமே இல்லை, ஆனால் அதையே தேடிக்கொண்டு போனால் வராது. நாம் வட்டமாக உட்கார்ந்து 'வாங்க, மனம் விட்டுப் பேசலாம்' என்று ஆரம்பித்தால் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு இருப்போம். அதே ஆட்களைப் பக்கத்துப் பக்கத்தில் நிற்க வைத்துக் கையில் ஒரு வேலையைக் கொடுத்துப் பார். என் வாலிப நாட்களில் ஒரு முதியோர் இல்லத்துக்கு பெயின்ட் அடிக்கப் போயிருந்தோம். என்னோடு சேர்ந்து உப்புத்தாள் போட்டுச் சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தவன், சுவரைப் பார்த்தபடியே, தன் அப்பாவோடு பேசி வருடக்கணக்காகிறது என்றான். நான் கையை நிறுத்தவில்லை. நிறுத்தித் திரும்பிப் பார்த்திருந்தால் அவன் பேச்சும் அங்கேயே நின்றிருக்கும். மதியம் வரை தேய்த்தோம், கதை முழுசாக வந்துவிட்டது. நீ சித்தப்பா என்று கூப்பிடுகிறாயே, அவர்தான்.

மாற்கு 2-ஆம் அதிகாரத்தில் திமிர்வாதக்காரனைத் தூக்கி வந்த நாலு பேரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவர்கள் நண்பர்களா, உறவுக்காரர்களா, வேதம் சொல்லவில்லை, ஒருவர் பெயர்கூட இல்லை. நடுவில் ஒரு படுக்கை, அதில் நடக்க முடியாத ஒருவன், இயேசு இருந்த வீட்டுக்குள் கூட்டத்தால் போக வழியில்லை, சரி, கூரையைப் பிரிப்போம் என்று ஏறிவிட்டார்கள். அந்தப் படுக்கையை இறக்கும்போது நாலு பேரும் ஒரே அளவில் கயிறு விட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவன் விழுந்திருப்பான். அவர்கள் கண் அவன்மேல்தான் இருந்திருக்கும்.

வாலிபர்கள் இப்படிச் சேர்ந்து கிளம்புவது புதிதில்லை. 1833-ல் பாரிஸில் ஃபிரெடெரிக் ஓசனாம் என்ற 20 வயது மாணவர், 'உங்கள் விசுவாசம் இன்றைக்கு ஏழைகளுக்கு என்ன செய்கிறது?' என்று கேட்டவர்களுக்கு வாதம் பண்ணிப் பயனில்லை என்று கண்டு, ஒரு சில தோழர்களோடு ஏழைகளின் வீட்டுக்கே போக ஆரம்பித்தார். அதுதான் பின்னால் ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபை ஆனது. எப்படிப் போவது, யார் வீட்டுக்குப் போவது என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அந்தப் பகுதியில் ஏற்கெனவே பாடுபட்டுக்கொண்டிருந்த ரோசலி ரெந்து என்ற கன்னியாஸ்திரி. லண்டனில் 1844-ல் ஜார்ஜ் வில்லியம்ஸ் ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தை ஆரம்பித்ததும் துணிக்கடையில் நாள் முழுக்க உழைத்து, அங்கேயே தங்கி வாழ்ந்த வாலிபர்களை வைத்துத்தான். எனக்கு அந்தக் கன்னியாஸ்திரிதான் முக்கியமாகப் படுகிறார். நீங்கள் போகும் தெருவிலும் வருடக்கணக்காக அங்கேயே இருந்து ஊழியம் செய்கிறவர் ஒருவர் இருப்பார், சபைப் போதகரோ, காப்பகத்தில் இரவுப் பொறுப்பில் இருக்கும் ஒரு அக்காவோ. முதல் வாரம் அவர் சொல்வதை மட்டும் செய்யுங்கள். உங்கள் திட்டத்தைப் பையிலிருந்து எடுக்கவே வேண்டாம். அந்தத் தெருவில் ஒருவர் கூலிக்குச் செய்யக்கூடிய வேலையை நீங்கள் இலவசமாகச் செய்து அவர் பிழைப்பைக் கெடுத்துவிடவும் கூடாது, இதையும் அங்கே ஊழியம் செய்கிற அவரிடமே கேளுங்கள்.

வீடில்லாதவர்களின் கால்களைக் கழுவும் வேலை உன் பங்குக்கு வந்திருக்கிறது என்றாய். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இதைச் சடங்காகச் செய்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. முதலில் பெயரைக் கேள், உன் பெயரைச் சொல், கழுவலாமா என்று அனுமதி கேள். வேண்டாம் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிரு. தண்ணீரின் சூட்டை உன் முழங்கையால் பார்த்துக்கொள், சர்க்கரை நோயில் பாதம் மரத்துப்போனவருக்குக் கொதிக்கிற தண்ணீரும் தெரியாது. ஒரே ஈரச் சாக்ஸில் நாள் கணக்காக நடந்த காலில் விரல் இடுக்கெல்லாம் வெளுத்து ஊறிப் போயிருக்கும். ஒவ்வொரு இடுக்காக ஒற்றித் துடைத்து ஈரமில்லாமல் ஆக்கினாலே பாதி உதவி. நகத்தை நீ வெட்டாதே, புண்ணைக் கண்டால் நர்ஸைக் கூப்பிடு. அப்புறம், ஃபோட்டோ எடுக்கவே கூடாது. அந்த மனிதர் செருப்பைக் கழற்றியதே உன்னை நம்பித்தான்.

இரவில் ஒரே ஹாலில் படுப்பீர்கள். களைப்பில் பாத்திரம் கழுவுவது யார் என்பதற்கெல்லாம் சண்டை வரும், வரட்டும், அன்றைக்கே பேசித் தீர்த்துவிடுங்கள். கூட்டத்தில் சத்தமே இல்லாமல் ஒருவன் இருப்பான், அவனோடு ஜோடி போட்டுக்கொண்டு வெளியே போ. இயேசு இரண்டிரண்டு பேராகத்தானே அனுப்பினார். ஒரு நாள் யாராவது உன்னிடம் பாரமான ஒன்றைச் சொல்வான், தன் பாவத்தையோ பயத்தையோ. அதை மறுநாள் 'ஜெபக் குறிப்பு' என்ற பெயரில் எல்லார் முன்னும் கொண்டுபோய் வைக்காதே. எத்தனையோ ஐக்கியங்கள் இதனாலேயே உள்ளுக்குள் உடைந்திருக்கின்றன. அவன் அழுதால் உடனே வசனம் சொல்லி அடக்காதே, அழட்டும். ஒருவேளை அவன் உயிரை விட்டுவிடும் எண்ணத்தைப் பேசினால் மட்டும் ரகசியம் கிடையாது, அந்த நிமிஷமே பொறுப்பாளரிடம் சொல், அவனைத் தனியாக விடாதே. நீயும் உன் கஷ்டத்தைச் சொல். எல்லாரையும் தாங்குகிற பலசாலியாகவே இருந்துவிட வேண்டும் என்று உனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு பிடிவாதம். அது உன்னைத் தனியாக்கிவிடுமோ என்று அம்மாவுக்கும் எனக்கும் கவலை.

கோடை முடிந்து கிளம்பும்போது, திரும்பி வருவேன் என்று யாரிடமும், முக்கியமாகக் குழந்தைகளிடம், நிச்சயமில்லாமல் வாக்குக் கொடுக்காதே. உங்களுக்குள் மட்டும் மாதம் ஒரு தடவை எல்லாரும் பேசுவது என்று இப்போதே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள், பிறகு பார்க்கலாம் என்று விட்டால் ஆளுக்கு ஒரு திசையாகிவிடுவீர்கள்.

டெட்டனஸ் ஊசி போட்டு 10 வருடம் தாண்டிவிட்டதா என்று பார், பழைய கட்டடங்களில் ஆணியும் தகரமும் கிடக்கும். கூட வருகிறவர்கள் பெயரையெல்லாம் எழுதி அனுப்பு, நானும் அம்மாவும் ஒவ்வொருவருக்காகவும் ஜெபிக்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா