திரைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு

வணக்கம். இரவுகளில் ஆன்லைனில் எனக்குப் பாடம் சொல்லித்தந்த செவிலியர்களே, நர்சிங் படிப்பை முடித்துவிட்டேன். பெயர் போட்டு நன்றி சொல்ல ஆசைதான். வேண்டாம் என்று நீங்களே தடுத்துவிட்டதால் பெயரில்லாமல் எழுதுகிறேன்.

வகுப்பில் எங்கள் சமூகத்திலிருந்து நான் ஒருத்திதான். சந்தேகம் கேட்டால் 'இவர்களுக்கு இதெல்லாம் வராது' என்று எங்கள் எல்லோர் தலையிலும் விழுமோ என்ற பயத்தில் முதல் ஆறு மாதம் வாயே திறக்கவில்லை. உங்களிடம்தான் முதல் கேள்வி கேட்டேன்: ஒரு லிட்டர் சலைனை எட்டு மணி நேரத்தில் ஏற்ற நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? நீங்கள் விடை சொல்லவில்லை. மில்லிக்கு 20 சொட்டு விழும் டிரிப் குழாய் என்றால் மொத்தம் எத்தனை சொட்டு, எட்டு மணிக்கு எத்தனை நிமிடம் என்று என்னையே சொல்லவைத்தீர்கள். 20,000-ஐ 480-ஆல் வகுத்து, சுமார் 42 என்று நான் முடித்தபோது இரவு பதினொன்று. மறுநாள் உங்களுக்குக் காலை டூட்டி என்பது பிறகுதான் தெரிந்தது.

அப்புறம் அந்தப் படுக்கைப்புண் பாடம். அழுத்தினாலும் வெளுக்காத சிவப்புதான் முதல் நிலையின் அடையாளம் என்றது புத்தகம். படங்களெல்லாம் வெள்ளைத் தோல். என் தோலில் அந்தச் சிவப்பு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "நிறத்தை மட்டும் நம்பாதே, தொட்டுப் பார். சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடா, குளிர்ச்சியா, கெட்டியா? வலிக்கிறதா என்றும் கேள்" என்றீர்கள் அக்கா. விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி கருத்த தோலில் சில நேரம் உண்மை அளவைவிடக் கூட்டிக் காட்டும் என்பதையும் நீங்கள் சொல்லித்தான் அறிந்தேன். இறுதியாண்டில் ஒரு முதியவரின் குதிகாலில் அந்தக் கெட்டியை என் விரல்தான் முதலில் கண்டது.

ஒரு பாடத்தில் தோற்று, படிப்பை விடுகிறேன் என்று எழுதிய நாள் நினைவிருக்கிறதா? ஒருவர் மேரி மகோனியைப் பற்றிச் சொன்னார்: அமெரிக்காவில் 1879-ல் செவிலியர் பயிற்சியை முடித்த முதல் கறுப்பினப் பெண். உண்மையைச் சொன்னால், அன்று எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. (கோபித்துக்கொள்ளாதீர்கள், பிறகு தேடிப் படித்தேன்.) இன்னொருவர், மறுதேர்வுக்குப் பணம் கட்டக் கடைசி நாள் எது என்று மட்டும் கேட்டார். எழுந்து போய்த் தேதியைப் பார்த்தேன்.

எல்லோருடைய ஷிஃப்டுக்கும் பொருத்தி நேரத்தை மாற்றி மாற்றிப் போட்ட ஒருங்கிணைப்பாளருக்குத் தனி நன்றி. நான் ஒருநாளும் கேமரா போட்டதில்லை. ஏன் என்று நீங்கள் கேட்டதும் இல்லை. இப்போது சொல்கிறேன்: விடுதி அறையில் விளக்கணைத்த பிறகு, போர்வைக்குள் இருந்துதான் பேசிக்கொண்டிருந்தேன்.